அணக்கரையில் இருந்துகொண்டு கிட்டார்: வகுப்புக்குப் போவதா, வீட்டிலேயே கற்பதா?

ஏலமலைக்காரன் கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 38. அணக்கரையில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். பூர்வீகம் கம்பம், தாத்தா காலத்திலேயே மலைக்கு வந்துவிட்டோம். பக்கத்து வீட்டு மலையாளிப் பையன் போன வருடம் படிக்கக் கனடா போனான். அவனுடைய கிட்டார் அலமாரிக்கு மேலே சும்மா கிடந்தது. "நீங்களாவது வாசியுங்கள்" என்று அவன் அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். காசு வாங்க மாட்டேன் என்றார்கள். நான் நல்ல 8 எம்.எம். காயாகப் பார்த்து ஒரு கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரும்புக் கம்பி போட்ட சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார். யூடியூப் பார்த்து ஈ மைனர், ஜி, சி, டி என்று நான்கு கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பிடி) பிடிக்கக் கற்றுக்கொண்டேன். தனியாக உட்கார்ந்து தட்டினால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் பாட்டைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து வாசித்தால் நான்கு வரிக்குள் பாட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்கே தவறுகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. அப்புறம் இந்த எஃப் கார்டு. சுட்டுவிரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே அழுத்தினால் இரண்டு கம்பிதான் சத்தம் தருகிறது, மற்றவை செத்துப்போகின்றன. விரல் நுனியும் விண் விண் என்று வலிக்கிறது.

இப்போது இரண்டு வழி தெரிகிறது. கட்டப்பனையில் சனிக்கிழமை மதியம் ஒரு சார் வகுப்பு எடுக்கிறார். மாதம் 1500 ரூபாய், ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்கார வேண்டும், முதலில் ஐந்து கோட்டு நொட்டேஷன் படிக்கக் கற்றுத் தந்த பிறகுதான் பாட்டு என்கிறார். எனக்கு மலையாளம் தாய்மொழி மாதிரிதான், அதில் சிரமம் இல்லை. புற்றடியில் ஏலம் இருக்கிற நாட்களில் வேலை முடிய இரவாகிவிடும். சனிக்கிழமை மதியம் மட்டும் எப்படியாவது ஒதுக்க முடியும். இன்னொரு வழி, இப்படியே வீடியோ பார்த்து வீட்டிலேயே தொடர்வது.

மகளுக்குப் பதினொரு வயது. அவளும் கற்க வேண்டும் என்கிறாள். என் கிட்டாரை மடியில் வைத்தால் அவள் கை சுற்றி வந்து கம்பியை எட்டவே கஷ்டப்படுகிறது.

மேடை ஏறும் ஆசை எல்லாம் எனக்கு இல்லை. வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து பாடும்போது கூடவே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வகுப்பு தேவையா?

---

கூடலூர்_ஆறுகம்பி:

அண்ணே, நான் தேனி மாவட்டத்துக் கூடலூர். கல்லூரி மூன்றாம் வருடம். வகுப்புக்கே போகாமல்தான் கற்றேன், இப்போது கல்லூரி நிகழ்ச்சிகளில் வாசிக்கிறேன். என் ஓட்டு வீட்டிலேயே கற்பதற்கு.

இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று வீடியோ பார்க்காதீர்கள். ஒரே ஆளுடைய பாடத்தை ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் பிடியுங்கள். ஆங்கிலம் பரவாயில்லை என்றால் ஜஸ்டின் கிட்டார் தளத்தில் தொடக்கநிலைப் பாடங்கள் இலவசம். நான் அதில்தான் தொடங்கினேன். அதில் ஒரு பயிற்சி ரொம்ப உதவியது. ஒரு நிமிடம் டைமர் வைத்துக்கொண்டு சி-யிலிருந்து ஜி, ஜி-யிலிருந்து சி என்று மாற்றிக்கொண்டே எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். தினமும் எழுதி வைத்தால் எண்ணிக்கை ஏறுவது தெரியும், விடவே மனசு வராது.

எஃப்-க்கு இப்போதைக்கு ஆறு கம்பியையும் ஒரே விரலால் அழுத்தும் முழு பாரே வேண்டாம். கீழே நான்கு கம்பியை மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் போதும், இல்லை என்றால் எஃப் மேஜர் 7. பாட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது.

நம்ம பக்கத்து ராஜா சார் மாதிரி ஆட்களே யாரிடமும் உட்கார்ந்து படிக்காமல் வந்தவர்கள்தானே. மாதம் 1500 ரூபாயை மிச்சம் பிடித்து நல்ல கம்பியும், எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கேபோ கிளிப் ஒன்றும் வாங்குங்கள்.

---

மரமும்_கம்பியும்:

கம்பத்தில் கிட்டார், வயலின், மாண்டலின் பழுது பார்க்கிறேன். அப்பா தச்சர். பல வருடமாக ராயப்பன்பட்டிப் பக்கம் கோயில் பாடகர் குழுவில் கிட்டாரும் வாசிக்கிறேன். இந்தக் கேள்வியோடு பட்டறைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கூடலூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொன்ன ஒரு நிமிடப் பயிற்சி நல்ல பயிற்சி, சின்ன எஃப் நல்ல யோசனை. ஆனால் இளையராஜா யாரிடமும் படிக்கவில்லை என்பது சரியில்லை. அவர் பிறந்த பண்ணைப்புரம் எங்களுக்குப் பக்கம். இந்தக் கதையை ஊரிலேயே பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். அண்ணன் வரதராஜன் நடத்திய குழுவில் பதினான்கு வயதிலேயே சேர்ந்து ஊர் ஊராகப் போனார். அதுவே ஒரு பள்ளிக்கூடம்: பாடுகிறவரோடு ராத்திரி முழுக்கச் சேர்ந்து வாசித்தாக வேண்டும். அதற்குப் பிறகும் 1968-ல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்து மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் படிப்பையும் அஞ்சல் வழியில் முடித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். அவ்வளவு ஞானம் உள்ளவரே ஆசிரியரைத் தேடிப் போயிருக்கிறார். அவரைக் காட்டி வகுப்பு வேண்டாம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள் தம்பி.

இனி கேள்விக்கு வருகிறேன். என் அனுபவத்தில் கம்பியை அழுத்தும் இடது கையை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். தட்டும் வலது கைக்குத்தான் ஆள் வேண்டும். இவை இரண்டுக்கும் முன்னால், அந்தக் கிட்டாரை விஷயம் தெரிந்த ஒருவர் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்குச் சந்தேகம் உங்கள் விரல் மேல் வரவில்லை, கிட்டார் மேல்தான் வந்தது. அலமாரிக்கு மேலே, அதுவும் அணக்கரையில், ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்த கிட்டார். மரம் ஈரம் குடித்தால் மேல்பலகை உப்பும். பலகை உப்பினால் அதன் மேல் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் எழும்பும், பிரிட்ஜோடு கம்பியும் எழும்பும். கம்பிக்கும், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டையான ஃப்ரெட்டுக்கும் உள்ள இந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். "எனக்குக் கிட்டார் வராது, விற்றுக் கொடுங்கள்" என்று கொண்டுவந்து வைக்கிற கிட்டார்களில் பாதிக்கு மேல் இதுதான் கோளாறு. அப்படி ஒன்றில் நானே எஃப் பிடித்தாலும் விரல் வலிக்கும்.

வீட்டிலேயே மூன்று சோதனை செய்து பாருங்கள். மில்லிமீட்டர் போட்ட இரும்பு ஸ்கேல் ஒன்று போதும்.

ட்யூன் செய்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி, ஃப்ரெட்டின் தலையிலிருந்து தடித்த ஆறாவது கம்பியின் அடிவரை அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் சுமார் இருந்தால் நல்லது. மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே. மூன்றரையைத் தாண்டினால் புதிதாகக் கற்கிறவர் கை அதில் பாடுபடத்தான் செய்யும்.

அடுத்தது நட். தலைப்பகுதியில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். அதற்கு மேல் என்றால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. எஃப் கார்டு இவ்வளவு பேரை ஓட ஓட விரட்டுவதற்குக் காரணமே இதுதான்: அது முதல் ஃப்ரெட்டில், நட்டை ஒட்டி இருக்கிறது. நட் உயரமாக இருந்தால் கம்பி அந்த இடத்தில்தான் மிக முறைப்பாக நிற்கும். யாரிடமாவது கேபோ வாங்கி முதல் ஃப்ரெட்டில் மாட்டிவிட்டு, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் அதே எஃப் வடிவத்தைப் பிடித்துப் பாருங்கள். திடீரென்று சுலபமாக வந்தால் குற்றவாளி நட், உங்கள் சுட்டுவிரல் இல்லை.

மூன்றாவது, பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விடத் தொடங்கியிருக்கிறது; உடனே கம்பியைத் தளர்த்தி வைத்துவிட்டு யாரிடமாவது கொண்டுபோங்கள். போகாவிட்டால் கவலை இல்லை.

இன்னொன்று, மலைக்காரர்களுக்காகவே சொல்கிறேன். ஈரம் போகட்டும் என்று கிட்டாரை ஏலக்காய் ஸ்டோரில் கொண்டுபோய் வைக்கிறார்கள். தயவு செய்து வைக்காதீர்கள். காயை உலர்த்தும் சூடு பசையை இளக்கும், மரத்தைப் பிளக்கும். ஒரு தடவை அப்படிப் பிளந்து வந்த மேல்பலகையை ஒட்டியிருக்கிறேன். ஒட்டலாம், ஆனால் பழைய நாதம் வரவில்லை. உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைச் சாரல் படும் வெளிச்சுவரில் சாய்க்காமல் உள்சுவர்ப் பக்கம் வையுங்கள், போதும்.

இப்போது வலது கை. பாட்டோடு வாசித்தால் நான்கு வரிக்குள் பிரிந்துவிடுகிறது, எங்கே என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்கே என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும்: கார்டு மாற்றும் இடத்தில். இடது கை சி-யை விட்டு ஜி-க்குப் போகும்வரை வலது கை நின்று காத்திருக்கிறது. தனியாக வாசிக்கும்போது பாட்டும் உங்களோடு சேர்ந்து நிற்பதால் அது காதில் விழுவதில்லை. போனில் ஓடும் பாட்டு நிற்காதே. விரல் எங்கே இருக்கிறது என்பதை வீடியோவில் பார்த்து ஒப்பிட்டுவிடலாம். ஆனால் வீடியோ உங்களைக் கேட்காது. "இந்த இடத்தில் கால் மாத்திரை நின்றாய்" என்று சொல்ல எதிரில் ஒரு காது வேண்டும்.

குழுவுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. இடது கையைக் கம்பிகள் மேல் அழுத்தாமல் சும்மா படிய வையுங்கள், சத்தம் 'சக் சக்' என்று மட்டும் வரட்டும். வாயால் "தகதிமி தகதிமி" சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் கை ஒரு தடவை: த-வுக்குக் கீழே, க-வுக்கு மேலே, தி-க்குக் கீழே, மி-க்கு மேலே. தொட்டில் ஆடுவது போல கை ஒரே சீராகப் போய் வர வேண்டும். கம்பியில் பட்டாலும் படாவிட்டாலும் நிற்கக் கூடாது. தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப்பில் நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து. இது கைக்கு வந்த பிறகு கார்டைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது தகதிமியின் கடைசி 'மி'-யிலேயே இடது கை கார்டை விட்டுவிடலாம். அந்த ஒரு தட்டு வெறும் கம்பியில் விழட்டும், யாருக்கும் உறுத்தாது. அந்த இடைவெளியில் விரல்கள் போய்ச் சேர்ந்துவிடும், வலது கையும் நிற்காது.

நம் பாட்டுகளில் நிறைய ஆறு-எட்டுத் தாளத்தில் இருக்கும். கோயில் கீர்த்தனைகளும் அப்படித்தான். வெளிநாட்டுத் தொடக்கப் பாடங்களில் பெரும்பாலும் நான்கு-நான்குதான் வரும், அதை அப்படியே இதன் மேல் போட்டால் பாட்டு நொண்டும். அதற்குத் "தகிட தகிட". ஆறு தட்டும் கீழ்நோக்கியே, இரண்டு 'த'-வுக்கும் கொஞ்சம் அழுத்தம். ஈ மைனர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இதைத் தினம் ஐந்து நிமிடம் வாசியுங்கள்.

ஆக, வகுப்புக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் அந்த வகுப்புக்கா என்று யோசியுங்கள். எட்டுப் பேர் ஒன்றாகத் தட்டும் அறையில் உங்கள் கால் மாத்திரையை எந்தச் சாராலும் கேட்க முடியாது. கட்டப்பனைச் சாரிடம் நேராகக் கேளுங்கள்: "மாதம் இரண்டு தடவை, அரை மணி நேரம், தனியாகக் கேட்டுத் திருத்துவீர்களா? அதே கட்டணம் தருகிறேன்." பலர் ஒப்புக்கொள்வார்கள். நொட்டேஷன் நல்ல படிப்பு, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் வீட்டில் பாடுகிறவர்களோடு வாசிக்க ஆசைப்படுகிற 38 வயதுக்காரருக்கு முதல் மூன்று மாதம் அதிலேயே போய்விட்டால் கிட்டார் திரும்பவும் அலமாரிக்கு ஏறிவிடும். முதலில் தாளம், ட்யூன் செய்வது, நான்கைந்து கார்டு. நொட்டேஷன் அதற்குப் பிறகு வரட்டும்.

---

வண்டிப்பெரியார்_டீச்சர்:

மகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். வண்டிப்பெரியாரில் எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன், மாலையில் கொஞ்சம் கிட்டாரும் சொல்லித் தருகிறேன்.

பதினொரு வயதுக்கு உங்கள் கிட்டாரைக் கொடுக்காதீர்கள். முக்கால் அளவுக் கிட்டார் என்று கேட்டு வாங்குங்கள், முடிந்தால் நைலான் கம்பி. விரல் நுனிக்கு மென்மையாக இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நைலான் கிட்டாரின் கழுத்து அகலம் கூடுதல். முழு அளவில் நட் கிட்டத்தட்ட 52 மில்லிமீட்டர் வரும், இரும்புக் கம்பிக் கிட்டாரில் 43 சுமார்தான். சின்னக் கைக்கு அது எட்டுமா என்று கடையில் பிடிக்க வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நைலான் கிட்டாரில் எந்தக் காரணத்துக்காகவும் இரும்புக் கம்பியை மாட்டாதீர்கள். அந்த இழுப்பைப் பிரிட்ஜ் தாங்காது.

பிள்ளைகளுக்கு நான் வகுப்புதான் சொல்வேன். நமக்கு ஒரு பாட்டு பிடித்தால் வலியோடு வலியாக வாசித்துவிடுவோம்; பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் வாசித்துக் காட்ட ஒருவர் இருந்தால்தான் கை ஓடும். அவளுக்கு விருப்பம் வந்தால் டிரினிட்டி தேர்வு பற்றி யோசிக்கலாம். இனிஷியலில் தொடங்கி எட்டு கிரேடு. கிளாசிக்கல் தனி, ராக் அண்ட் பாப் தனி. ராக் அண்ட் பாப்பில் மூன்று பாட்டு வாசிக்க வேண்டும், நேரில் வாசிக்கும் தேர்வில் அதோடு, கேட்டதை உடனே திரும்ப வாசிப்பது அல்லது உடனே கற்பனையாக வாசிப்பது என்று ஒரு பகுதி உண்டு. வீடியோ பதிவு செய்து அனுப்பும் முறையும் இருப்பதால் மலையிலிருந்து இறங்கிப் போக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் முதல் வருடமே தேர்வு என்று வைக்காதீர்கள். தேர்வுக்கு உரிய மூன்று பாட்டை மட்டும் வருடம் முழுக்க வாசித்து, நான்காவது பாட்டு தெரியாத பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கட்டப்பனைச் சாரின் நொட்டேஷன் வகுப்பு உங்களைவிட அவளுக்குப் பொருந்தும். அந்த வயதில் அவர்கள் அதை எழுத்துக் கற்பது போலவே பிடித்துக்கொள்வார்கள்.

---

ஏலமலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி கடை ஸ்கேலைக் கொண்டுவந்து அளந்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி சரியாக 4 மில்லிமீட்டர், முதல் கம்பி 3-க்கு மேல். பிரிட்ஜுக்குப் பின்னால் காகிதம் போகவில்லை. ஆனால் பிரிட்ஜுக்கும் பின்முனைக்கும் நடுவே பலகை லேசாக மேடு தட்டியிருக்கிறது, ஸ்கேலைப் படுக்க வைத்தால் இரண்டு பக்கமும் ஆடுகிறது.

பள்ளியில் வாசிக்கும் பையன் ஒருவனிடம் கேபோ வாங்கி மாட்டினேன். எஃப் வடிவம் ஆறில் ஐந்து கம்பி சத்தத்தோடு வந்தது! இத்தனை நாளும் என் விரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மகள்கூட ஓடிவந்து பார்த்தாள்.

கட்டப்பனைச் சாரிடமும் போனில் பேசினேன். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, குழு வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் தனியாகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார். மகளைக் குழு வகுப்பில் சேர்க்கலாம் என்று இருக்கிறேன்.

இப்போது ஒரு சந்தேகம். பிரிட்ஜில் கம்பி உட்காரும் அந்த எலும்புத் துண்டை அடியில் தேய்த்தால் கம்பி இறங்கும் என்று ஒரு வீடியோவில் காட்டுகிறார்கள். நானே உப்புத்தாளில் தேய்க்கலாமா?

---

மரமும்_கம்பியும்:

தேய்க்கலாம், ஆனால் இப்போது வேண்டாம் தம்பி.

அந்தத் துண்டுக்கு சேடில் என்று பெயர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்றால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் போக வேண்டும். உங்களுக்கு ஒன்றரை இறங்க வேண்டும். அதாவது மூன்று மில்லிமீட்டர். பல கிட்டாரில் சேடில் வெளியே தெரிவதே அவ்வளவுதான். அப்படித் தேய்த்து, அப்புறம் தை, மாசியில் பலகை காய்ந்து தானாக இறங்கினால் கம்பி ஃப்ரெட்டில் உரசி 'ஜிர்' என்று இரையும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, புது சேடில்தான் போட வேண்டும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஈரம் இறங்கட்டும். சிலிக்கா ஜெல் போட்டு உறையை மூடி வைத்து, இரண்டு மூன்று வாரம் போனதும் திரும்ப அளந்து பாருங்கள். கம்பியை மாற்றுங்கள். இப்போது இருப்பது அநேகமாக மெல்லிய கம்பி .012 அங்குலத்தில் தொடங்கும் செட்டாக இருக்கும். பாக்கெட்டில் எக்ஸ்ட்ரா லைட், .010 முதல் .047 என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இழுப்பு குறைந்தால் உப்பலும் கொஞ்சம் தணியும், விரலுக்கும் ஆறுதல். புதுக் கம்பி இரண்டு நாள் இழுபடும், ட்யூன் இறங்கிக்கொண்டே இருக்கும், பயப்படாதீர்கள்.

அதற்கு அடுத்தது கழுத்து. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவதிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவே ஏழாவது ஃப்ரெட்டில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். விசிட்டிங் கார்டு தடிமன் இருந்தால் போதும். அதிகம் என்றால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது, உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டை முறுக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் முறுக்கக் கூடாது. பழக்கம் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

இவை மூன்றும் முடிந்து மிச்சம் இருக்கிற உயரத்துக்குத்தான் சேடில். அப்போதும் நேராகத் தேய்க்கக் கூடாது. பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நிமிர்த்திப் பிடித்துத் தேய்க்க வேண்டும். அடிப்பாகம் கோணலாகிவிட்டால் நாதம் போய்விடும்.

நட்டை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிமனுக்கு ஏற்ற அரம் வேண்டும், ஒரு இழுப்பு கூடினால் வெறும் கம்பி இரைய ஆரம்பிக்கும். கம்பம்மெட்டு வழியாக இறங்கினால் கம்பம் உங்களுக்குத் தூரம் இல்லையே, கொண்டுவாருங்கள். நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துத் தருகிறேன்.

அதுவரை வாசிக்காமல் இருக்க வேண்டாம். எல்லாக் கம்பியையும் அரை சுரம் இறக்கி ட்யூன் செய்துவிட்டு, கேபோவை முதல் ஃப்ரெட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். சுருதி பழையபடி வந்துவிடும், கம்பி மட்டும் தளர்ந்து கைக்கு இணக்கமாக இருக்கும். நட்டின் தொல்லையும் இல்லை.

---

கூடலூர்_ஆறுகம்பி:

அண்ணே, ராஜா சார் விஷயம் தெளிவாகிவிட்டது, நன்றி. தகதிமி வைத்து நேற்று முயன்றேன். நான்கு-நான்கில் சரியாக வருகிறது. ஆனால் ஆறு-எட்டில் ஆறும் கீழ்நோக்கி அடித்தால் வேகமான பாட்டுக்குக் கை ஈடு கொடுக்க மாட்டேன் என்கிறது. மேலும் கீழுமாக அடிக்கலாமா?

---

மரமும்_கம்பியும்:

அடிக்கலாம் தம்பி, வேகமான பாட்டுக்கு அப்படித்தான் அடிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு 'தகிட'-வும் கீழ்நோக்கியே தொடங்கட்டும்: கீழ், மேல், கீழ், திரும்பவும் கீழ், மேல், கீழ். மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்துக் கீழே வருவதால் அந்த இடத்தில் கை வெறுமனே ஒரு தடவை மேலே போய் வர வேண்டியிருக்கும், அதுதான் முதலில் தடுமாறும். மெதுவாக வாயால் சொல்லிக்கொண்டே பழகுங்கள். கம்பியைத் தட்டும் பிக் தடித்ததாக இருந்தால் 0.6 மில்லிமீட்டர் சுமாரில் மெல்லியதாக மாற்றிப் பாருங்கள், கம்பியில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

அணக்கரைத் தம்பி, வரும்போது மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முக்கால் அளவு நைலான் கிட்டார் ஒன்று பழுது பார்த்துப் பட்டறையில் மாட்டி வைத்திருக்கிறேன். டீச்சர் சொன்ன மாதிரி கை எட்டுகிறதா என்று பிடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் எங்கே வாங்குவது என்று முடிவு செய்யலாம். ஞாயிறு காலை நான் கோயிலில் இருப்பேன், மற்ற நாள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.